இந்தா என்கிற நாயும் ஐந்து நேரப் பாங்கும்

சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கத்து வீட்டுத்திட்டத்தில் போய் நபீஸாவின் வீடு எது என்று விசாரித்தால், "எந்த நபீஸா? நாய்க்கார நபீஸாவா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். ஆண்டுக்கணக்கில் லெபனானில் உழைத்தவள் அவள். அந்த உழைப்பில் ஒரு கல்வீடு கட்டி, அதை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தவள். அதற்கெல்லாம் ஒரு பட்டப்பெயர் கிடைக்கவில்லை. முருங்கை மரத்தடியில் ஒரு நாய் படுத்திருந்ததற்குக் கிடைத்தது. ஊருக்கு எதைப் பார்க்க வேண்டும், எதை விட வேண்டும் என்பது என்றைக்குத் தெரிந்திருக்கிறது?

நாயை அவள் தேடிக் கொண்டுவரவில்லை. ஒரு மாரியில் தெருவெல்லாம் வெள்ளம் நின்றபோது அவள் கேற்றடியில் வந்து ஒதுங்கியது. செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்தது. வெள்ளம் வடிந்த பிறகும் அது போகவில்லை, இவளும் போகச் சொல்லவில்லை. வீட்டுக்குள் நாய் ஏறக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும். ஐந்து நேரம் தொழுகிறவள். அதனால் முற்றத்தின் அந்தத் தொங்கல் மூலையில், முருங்கையின் கீழ் ஒரு சாக்கை விரித்துப் பக்கத்தில் ஒரு தகரத் தட்டை வைத்தாள். நாய் வீட்டுப் படிக்கு வராது, இவள் நாயைத் தொடமாட்டாள். அதன் எச்சில் கையில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து.

தனியாக இருக்கிற பெண்ணுக்குக் காவலாக முற்றத்தில் ஒரு நாய் நிற்பதில் குற்றமில்லை என்று மௌலவி ஒருவர் சொல்லியிருந்தார். அதை அவள் அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி வைத்தாள். எல்லாரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டு, பிள்ளைகளை அவள் முற்றத்துக்கு அனுப்புவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

சோறோ மீன் தலையோ வைக்கும்போதெல்லாம் "இந்தா" என்பாள். கொஞ்ச நாளில் அந்தச் சொல்லைக் கேட்டால் நாய் எங்கே நின்றாலும் பறந்து வந்தது. அதுவே அதற்குப் பெயராகிவிட்டது.

அந்த வீட்டில் அவள் கூப்பிடுவதற்கு வேறு பெயரும் இருக்கவில்லை. புருஷன், அவள் பெய்ரூத்தில் இருந்த காலத்திலேயே பொத்துவிலில் இன்னொரு குடும்பமாகிவிட்டான். மகள் சஹ்லா கல்யாணம் முடித்துக் கணவனோடு தோஹாவில் இருக்கிறாள். சீதன வீட்டில் மருமகனின் ஆட்கள் குடியிருக்கிறார்கள். சஹ்லா வெள்ளிக்கிழமை தவறாமல் போன் எடுப்பாள். "சாப்பிட்டீங்களா உம்மா? மருந்து குடிச்சீங்களா உம்மா?" அதற்குமேல் இரண்டு பேருக்கும் கதை ஓடாது. பிள்ளையைக் குறை சொல்லவும் ஏலாது. அவள் சிறுமியாக இருந்தபோது பெய்ரூத்திலிருந்து நபீஸா போனில் கேட்டதும் இதே மாதிரி இரண்டு கேள்விகள்தானே. தாயிடம் படித்ததை மகள் திருப்பிச் சொல்கிறாள், அவ்வளவுதான்.

இந்தாவிடம் இருந்த ஒரே குறை, சத்தம் ஆகாது. மீன்காரனின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் கேட்டால் மதிலோடு ஒட்டிக்கொள்ளும். பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தால் நடுங்கும். இதெல்லாம் அதன் சொந்தக் கவலை, ஊருக்கு இதில் வழக்கு இல்லை. தொழுகைக்கு அழைக்கிற பாங்குதான் வழக்காகியது. சுற்றிவர நான்கு தொழுகைப் பள்ளிகள். ஒன்று தொடங்க, மற்றது பிடிக்க, ஒலிபெருக்கிகளில் பாங்கு எழும்பியதும் இந்தா கழுத்தை வானத்துக்கு நீட்டி ஊளையிடத் தொடங்கும். கடைசிப் பள்ளி முடிக்கும் மட்டும் விடாது.

பக்கத்து வீடு ஆயிஷா உம்மாவுடையது. மகன்மார், மருமகள்மார், பேரப்பிள்ளைகள் என்று காலடி வைக்க இடமில்லாத வீடு. ஊளைச் சத்தம் கேட்டதும் அந்த மனுஷி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மதிலடிக்கு வந்துவிடுவார்.

"அடியேய் நபீஸா! உன்ட நாய் என்னடி, பாங்குக்குப் போட்டிக்குக் கத்துது? வானத்து மலக்குமார் இறங்கி நடமாடுற நேரம் புள்ள இது."

"நாய்க்கு என்ன மாமி தெரியும். நீட்டுக்கு இழுத்தா அதுவும் இழுக்கும். பாண்காரன்ட பாட்டுக்கும் இப்படித்தானே."

"பாண்காரன்ட பாட்டும் பாங்கும் ஒண்டா உனக்கு? அஸ்தஃபிருல்லாஹ்! இரு, பள்ளிக்கிச் செல்லி இத எடுப்பிக்கிறன்."

ஏச்சு ஓய்ந்ததும் உடனே போய்விடமாட்டார். "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்பார். "முழங்கால் நோவு எப்பிடி இரிக்கி?" என்பார். மருமகள் மீன் பொரிக்கிற இலட்சணத்தைக் கொஞ்சம் சொல்லிவிட்டுத்தான் திரும்புவார். பகல் லுஹருக்கு ஒரு தரம், பின்னேரம் அஸருக்கு ஒரு தரம், பொழுதுபட மஃரிபுக்கு ஒரு தரம். விடியச் சுபஹுக்கும் இரவு இஷாவுக்கும் வீட்டுக்குள் இருந்தபடியே சத்தம் போடுவார்.

எடுப்பிக்கிறேன் என்றது வெறும் வாய்ச்சவடால் இல்லை. பள்ளி நிருவாகத்தில் இருக்கும் ஷரிபுதீனிடம் அந்தத் தெருவில் பலரும் போய்ச் சொல்லிவிட்டார்கள். முந்தி இன்னொரு தெருவில் கத்தின நாயை லொறியில் ஏற்றி மாவடிப்பள்ளிக்கு அப்பால் வயல்வெளியில் விட்டதை நபீஸா கண்ணால் கண்டிருக்கிறாள். அங்கே விளைச்சல் காலத்தில் யானைக்கு வெடி போடுவார்கள். பாண் ஓட்டோவுக்கே நடுங்குகிற சீவன் யானை வெடிக்கு எந்தப் பக்கம் ஓடும்? அதை நினைத்தால் அவளுக்கு இரவுச் சோறு இறங்காது.

நாயைச் சத்தத்துக்குப் பழக்குவது தனக்குத் தெரிந்த வேலைதான் என்பது அவளுக்குச் சுணங்கித்தான் ஞாபகம் வந்தது.

பெய்ரூத்தில் அவள் வேலை செய்த வீட்டு மேடத்திடம் லூலூ என்று ஒரு சின்னஞ்சிறு நாய் இருந்தது. வெள்ளைப் பஞ்சு மாதிரி. லிஃப்ட் மணி, தூசு இழுக்கிற மெஷின், கல்யாண வீட்டு வாணவெடி எல்லாவற்றுக்கும் சோபாவுக்கடியில் போய் மூத்திரம் போகும். பழக்குவதற்கு ஒரு மெலிந்த மனிதன் வாரத்துக்கொரு தரம் வருவான். மேடத்துக்கு அந்த நேரம் பார்த்துத்தான் வெளியில் வேலை வரும். ஆக, அவன் சொல்வதையெல்லாம் கேட்டு மற்ற நாட்களில் செய்தவள் நபீஸா. முதலில் கோழித்துண்டைக் கொடுத்து லூலூவைக் குஷிப்படுத்திவிட்டு மெஷினைப் போட்டாள். ஒரு கிழமையில் லூலூ கோழியைக் கண்டாலே சோபாவுக்கடியில் ஓடத் தொடங்கியது. அந்த மனிதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். முதலில் சத்தம், பிறகுதான் இறைச்சி என்றான். சத்தம் வந்தால் நல்லது ஒன்று வரப்போகிறது என்று நாய் நினைக்க வேண்டும். சத்தத்தையும் அது பயப்படாத அளவுக்குத்தான் வைக்க வேண்டும், அது சும்மா இருந்தால்தான் கொஞ்சம் கூட்ட வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

லூலூ பழகியது. நபீஸா லூலூவைத் தொட்டுத் தூக்க வேண்டிய நாளெல்லாம் பல்கனிப் பூச்சாடியில் மண் எடுத்துக் கை கழுவினாள். பூச்செடிகளின் வேர் வெளியில் தெரியத் தொடங்கியபோது மேடம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த வீட்டில் அவள் வருவதைக் கண்டு சந்தோஷப்பட்டது லூலூ ஒன்றுதான். அந்த நாட்டுக் காசுக்கு மதிப்பில்லாமல் போனதும் மேடம் அவளுக்குப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இப்போது இந்தாவுக்காக மாட்டிறைச்சிக் கடையில் சவ்வும் ஈரல் ஓரமும் வாங்கி, மஞ்சள் போட்டு அவித்து, துண்டு துண்டாக வெட்டி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டாள். தொட்டுத் தடவ முடியாத நாயைப் பழக்குவது லூலூவைப் பழக்கின மாதிரி இல்லை. படியில் உட்கார்ந்து பானை மூடியில் கரண்டியால் மெல்லத் தட்டுவாள். "இந்தா" என்று ஒரு துண்டை எறிவாள். வாலை ஆட்டினால் அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டுவாள். மூடியிலிருந்து மீன்காரன் ஹோர்னுக்கு வந்தாள், அதிலிருந்து பாண் ஓட்டோவுக்கு. ஒரு நாள் பாண்காரன் பாட்டோடு கேற்றடியில் நின்றபோது இந்தா நடுங்கவில்லை. சாக்கில் போய்ப் படுத்து, எங்கே என் துண்டு என்கிற மாதிரி இவளைப் பார்த்தது. நபீஸா தன்னை மறந்து கைதட்டினாள். பாண்காரன் தனக்குத்தான் என்று நினைத்து ஒரு பணிஸை நீட்டினான்.

பிறகு பாங்கு. போனில் பதிந்த பாங்கை நாய்க்குப் போட்டுக் காட்டுவதா என்று அவளுக்கு உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் நாய் மரியாதையாக இருக்கத்தானே இதைச் செய்கிறோம், அல்லாஹ்வுக்கு என் எண்ணம், நிய்யத்துத் தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். போனில் வந்தாலும் பாங்கு பாங்குதான் என்று முட்டாக்கை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, உதட்டுக்குள் பதில் சொல்லிக்கொண்டே ஈரலை எறிவாள். முற்பகலில், தெரு அசந்திருக்கும் நேரத்தில், கொசு மாதிரி ஒரு சத்தத்தில் தொடங்கினாள். நாய் ஊளையிடவில்லை. மெல்ல மெல்லக் கூட்டினாள். போனின் சத்தம் போதாமல் போனபோது, சஹ்லா எப்போதோ அனுப்பிய உருண்டை ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போனோடு இணைத்தாள்.

அதற்குள் நோன்பு மாதம் வந்துவிட்டது. இந்தா மஃரிபுக்குத்தான் கூடுதலாக ஊளையிடும். அதனால் அந்த நேரத்து வெளிச்சத்திலேயே பழக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு நாள் மழைக்கோலம். வானம் நேரத்துக்கு முந்தியே இருண்டுவிட்டது. நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. நபீஸா படியில் உட்கார்ந்து ஸ்பீக்கரை முன்னையைவிட ஒரு பிடி கூட்டிப் போட்டாள்.

ஆயிஷா உம்மாவுக்கு மணிக்கூடு பார்க்கிற பழக்கம் இல்லை. நான்கு பள்ளியில் எந்தப் பள்ளி முந்துகிறதோ அந்தப் பள்ளிக்கு நோன்பு திறக்கிறவர், காலமெல்லாம் அப்படித்தான். குசினி யன்னலோரம் பேரீத்தம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டியபடி இருந்த மனுஷிக்கு, மதிலுக்கு அந்தப் பக்கம் பாங்கு கேட்டது. பிஸ்மி சொல்லிப் பழத்தை வாயில் போட்டு, ஒரு கோப்பை சர்பத்தையும் குடித்து, கஞ்சிக் கோப்பையில் கரண்டியும் வைத்துவிட்டார். பேத்தி ஓடிவந்து, "உம்மம்மா, இன்னும் நேரம் வரல்ல!" என்று கத்தினாள்.

சத்தம் தெருமுனைவரை கேட்டது.

"யா அல்லாஹ்! என்ட நோன்ப முறிச்சிப் போட்டியேடி! ஒரு நாய்க்காக என்ட நோன்ப முறிச்சிப் போட்டியே!"

நபீஸா மதிலடிக்கு ஓடினாள். "மாமி, தெரியாம மாமி... அல்லாவுக்காக மன்னிச்சிக்கங்க மாமி..." அவள் அழுதாள். பிறகு நான்கு பள்ளியிலும் உண்மையான பாங்கு எழும்பியது. அவளது பேரீத்தம்பழம் படியில் கிடக்க, எறும்பு மொய்த்தது.

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு ஷரிபுதீன் வந்தார். கேற்றுக்கு வெளியிலேயே நின்றார்.

"இஞ்ச பாருங்க தங்கச்சி, உங்கள நோவிக்கிற எண்ணம் எங்களுக்கு இல்ல. அவங்கட நோன்பு களாவாப் போயிட்டு; தெரியாம நடந்த, பாவம் இல்ல, ஆனா திருப்பிப் புடிக்கணும். இனி அந்த ஸ்பீக்கர எடுக்கப்படாது. நாய எடுக்கச் செல்லித்தான் எல்லாரும் நிக்கிறாங்க."

"காக்கா, பெருநாள் வரைக்கும் தவண தாங்க. அது பழகிட்டு வருது. முக்காவாசி பழகிட்டு."

அவர் நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்து வாலாட்டியது.

"சரி. பெருநாள் முடிய நான் வந்து நிப்பன். பாங்குக்கு ஊளையிட்டா லொறி வரும். பொறகு என்னோட ஒண்டும் கதைக்கப்படாது."

ஸ்பீக்கர் பெட்டிக்குள் போனது. சத்தத்தைக் குறைத்துக் கூட்ட அவள் கையில் இனி ஒன்றும் இல்லை. பள்ளியின் ஒலிபெருக்கியைக் கூட்டிக் குறைக்கிற திருகி இவளிடமா இருக்கிறது? ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாள். பிறகு எழும்பி, சத்தத்தை நகர்த்த முடியாவிட்டால் நாயை நகர்த்தலாம்தானே என்று டப்பாவை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள்.

அஸர் நேரத்துக் கடற்கரையில், இழுத்து வைத்த தோணிகளுக்கும் அப்பால், அலைச்சத்தத்துக்குள் பாங்கு ஏதோ வேறு ஊரில் சொல்கிற மாதிரித்தான் கேட்டது. இந்தா காதை நிமிர்த்தியது, ஊளையிடவில்லை. "இந்தா." ஒரு துண்டு. மறுநாளும் அதே இடம். பிறகு தோணிகளுக்கு இந்தப் பக்கம். பிறகு கடற்கரை வீதி ஓரம். முன்னால் முட்டாக்குப் போட்ட ஒரு பெண், கையில் டப்பா. எட்டத்தில் பின்னால் ஒரு நாய். நோன்போடு இவள் நாய் மேய்க்கிறாள் என்று கிழிந்த வலை பொத்துகிறவர்கள் சிரித்தார்கள். அவளோடு யாரும் கதைக்கவில்லை. மணலில் குந்தியிருந்து நாயோடு அவள்தான் கதைத்தாள். சஹ்லாவின் கல்யாணத்துக்குத் தான் வரக் கிடைக்காததைப் பற்றி ஒரு நாள் முழுக்கச் சொன்னாள். அதைக் கேட்க இத்தனை வருடத்தில் அவளுக்குக் கிடைத்த காது அது ஒன்றுதான்.

பெருநாள் போனது. சொன்ன சொல் தவறாமல் ஒரு அஸருக்கு ஷரிபுதீன் வந்து நின்றார். மதிலுக்கு மேலால் ஆயிஷா உம்மாவின் தலையும், இன்னும் இரண்டு மூன்று தலைகளும். நபீஸா டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியில் இருந்தாள். முதல் பள்ளி பாங்கு எடுத்தது. இந்தா எழும்பியது. கழுத்தை நீட்டப் போகிறது என்று நினைத்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அது சாக்கில் படுத்து, முன்னங்காலில் தாடையை வைத்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. நான்கு பள்ளியும் முடிந்தது. நாயிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

"மாஷா அல்லாஹ்," என்றார் ஷரிபுதீன். "நாய் இரிக்கட்டும்." அவர் தொழப் போய்விட்டார். மதில் மேலிருந்த தலைகளும் இறங்கின. இந்தா இனி எங்கும் போகாது. அன்று நபீஸா சந்தோஷத்தில் இறால் வாங்கிச் சமைத்தாள். ஒருத்திக்கு அந்த இறால் கறி அதிகம்தான், நாயும் தின்றது.

ஆயிஷா உம்மா களா நோன்பு பிடித்த அன்று நபீஸாவும் நோன்பு வைத்தாள். மாலையில் கஞ்சி காய்ச்சி மதிலுக்கு மேலால் நீட்டினாள். "எனக்குத் துணைக்கி நீ புடிக்கத் தேவல்ல புள்ள. என்ட கடன் என்டது," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அங்கே ஒரு வீடு நிறைய ஆட்கள் கஞ்சிக்குக் காத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் மதிலடிக்கு வரவில்லை.

வருவதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை என்பது நபீஸாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. லுஹர் போகும், அஸர் போகும், யாரும் "அடியேய் நபீஸா" என்று கூப்பிடமாட்டார்கள். என்ன கறி என்று கேட்க ஆளில்லை. முழங்கால் நோவு கூடிவிட்டது, அதைச் சொல்ல ஆளில்லை. ஏச்சு என்று நினைத்து அவள் தலை குனிந்து கேட்டதெல்லாம் ஒரு நாளைக்கு ஐந்து தரம் ஒரு மனுஷி அவளோடு கதைத்த கதை. அதை ஈரல் போட்டு, கடற்கரை அளந்து, அவளே நிறுத்திவிட்டிருக்கிறாள். ஒரு நாள் உடுப்புக் காயப்போடும்போது ஆயிஷா உம்மாவைக் கண்டாள். "நாய் இப்ப நல்லம், சத்தமே இல்ல," என்று சிரித்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பாங்கு எடுத்தபோது நபீஸா டப்பாவைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு படியில் இருந்தாள். இந்தா சாக்கில் போய்ப் படுத்து அவளைப் பார்த்தது. இரண்டாவது பள்ளி எடுத்தது. மூன்றாவது எடுத்தது. அவள் மதிலைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள்.

"கத்து," என்றாள் மெதுவாக. "ஒரு தரம் கத்து மனே. ஒரே ஒரு தரம்."

இந்தாவின் வால் மணலைக் கூட்டியது. அது கத்தவில்லை. நான்காவது பள்ளியும் முடித்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ தண்ணி மோட்டாரைப் போட்டார்கள், பிள்ளைகள் சிரித்தார்கள், ஆயிஷா உம்மா உள்ளுக்குள் யாரையோ ஏசினார், அது இவளுக்கு இல்லை.

பாவம், படிப்பித்ததைப் பிழையில்லாமல் செய்த சீவன். நபீஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவில் இருந்ததையெல்லாம் தகரத் தட்டில் கொட்டினாள். பிறகு அஸர் தொழ உள்ளே போனாள்.